இரும்புக்கு ஏறும் மேல்தோல்

கம்பம், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு நம் சனங்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மலையேறும் ஜீப்புகளை இடுக்கி மாவட்டத்துச் சங்கத்தார் அனைவரும் அறிவர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என எந்தச் சாலையை எடுத்துக்கொண்டாலும் ஏற்றமும் கொண்டை ஊசி வளைவும்தான். அந்த ஜீப்பின் பின் ஆக்ஸிலுக்குள்ளே, எண்ணெயில் முழுகியபடி, யார் கண்ணிலும் படாமல் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கின்றன. மெக்கானிக்குகள் அவற்றைக் கிரவுன், பினியன் என்பார்கள். மலை ஏறும்போது வண்டியில் உள்ள அத்தனை பேரின் பாரமும், இறங்கும்போது கியரில் போட்டுப் பிடிக்கும் விசையும் இந்த இரண்டின் பற்கள் வழியாகத்தான் போய் வருகின்றன. அந்தப் பல்லின் மேலே சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கடினமான ஒரு தோல் உண்டு. பூச்சு அல்ல, முலாம் அல்ல. உலையில் வாயுவின் நடுவே பல மணி நேரம் வைத்து அந்த இரும்புக்குள்ளேயே ஏற்றப்பட்ட தோல். அந்தத் தோல் எப்படி உண்டாகிறது, எப்படித் தொலைகிறது என்பதை ஓரளவு விளக்கமாக எழுத விரும்புகிறேன். ரயில்வேயில் டீசல் எஞ்ஜின்களோடு காலம் தள்ளியவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

முதலில் சிறு கணக்கு ஒன்று. பழைய ஜீப்புகளில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 43 பல் என்ற அளவு பரவலாக இருந்தது. 16 அங்குல ரிம்மில் ஓடும் டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 440 சுற்று சுற்றும். அப்படியானால் பினியன் சுமார் 2,400 சுற்று சுற்றியாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பினியனின் ஒவ்வொரு பல்லும் ஒருமுறை அடி வாங்குகிறது. நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள் ஓடும் வண்டியில் ஒரே ஒரு பல் ஒரு வருஷத்தில் வாங்கும் அடி நாலு கோடியைத் தாண்டும். அடி மட்டும் அல்ல, ஒவ்வொரு முறையும் எதிர்ப்பல்லோடு உரசிக்கொண்டுதான் விலகுகிறது.

ஆக, அந்தப் பல்லிடம் நாம் இரண்டு குணங்களைக் கேட்கிறோம். உரசலில் தேயாமல் இருக்க வேண்டும். அதற்குக் கடினம் தேவை. பள்ளத்தில் சக்கரம் விழுந்து திடீரென்று அடி விழுந்தால் உடையாமல் இருக்க வேண்டும். அதற்கு வளைந்து தாங்கும் வலிமை தேவை. எஃகில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதி. கடினமான எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும், தாங்கும் எஃகு தேயும். கவாத்து கத்தியைப் பாருங்கள். பழைய லாரிப் பட்டையை வாங்கிக் கொல்லர் அடித்துக் கொடுக்கும் கத்தியில் போதுமான கார்பன் இருக்கிறது. காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தவுடன் விளிம்பு முழுவதும் கடினமாகிவிடும். தேயிலைச் செடியின் கிளையை வெட்ட அது போதும். அதே கத்தியைப் பாறை இடுக்கில் விட்டு நெம்பினால் நுனி பொட்டென்று போய்விடும். பல்சக்கரம் முழுவதையும் அப்படிக் கடினமாக்கினால் முதல் மாதத்திலேயே பல் கொட்டிவிடும்.

இதற்கு விடை நம் வாயிலேயே இருக்கிறது. மனிதப் பல்லின் மேலே எனாமல் என்ற மெல்லிய கடினமான படலம், உள்ளே சற்று மென்மையான, அடியைத் தாங்கும் எலும்பு போன்ற பகுதி. மேலே உள்ளது தேய்மானத்துக்கு, உள்ளே உள்ளது அடிக்கு. பல்சக்கரத்தின் பல்லும் அதேதான். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. எனாமல் ஒருமுறை போனால் மறுபடி முளைப்பதில்லை. இதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு சொல் குழப்பம்

பட்டறைகளில் இந்த வேலைக்குக் கேஸ் ஹார்டனிங் என்று பெயர். வாயுவைக் கொண்டு செய்வதால் அந்தப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழில் எழுதினால் சமையல் கேஸும் கேஸ்தான், கோர்ட்டு கேஸும் கேஸ்தான். இங்கே வரும் கேஸ் இவை இரண்டும் அல்ல, உறை என்று பொருள் தரும் வேறொரு ஆங்கிலச் சொல். மேலுறையைக் கடினமாக்குதல் என்பதே அர்த்தம். ஆனால் இன்று பெரும்பாலான உலைகளில் உறையைக் கடினமாக்குவது வாயுதான் என்பதால், தவறாகப் புரிந்துகொண்டவர்களும் பாதி சரிதான்!

வாயு வருவதற்கு முன்னால் கரிப்பெட்டி முறை இருந்தது. இரும்புப் பெட்டிக்குள் மரக்கரித் தூளையும் பேரியம் கார்பனேட்டையும் நிரப்பி, நடுவே சாமான்களைப் புதைத்து, மூடியைக் களிமண்ணால் பூசி, நாள் முழுக்க உலையில் வைத்திருப்பார்கள். கரி இரும்பைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கார்பன் ஏறுகிறது என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தனர். உண்மை அது அல்ல. பெட்டிக்குள் அடைபட்ட கொஞ்சக் காற்று கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு வாயுவாக மாறுகிறது. அந்த வாயுதான் கார்பனைச் சுமந்து கொண்டுபோய் இரும்பில் இறக்கிவிட்டுத் திரும்பிக் கரியிடம் வந்து மறுபடி ஏற்றிக்கொள்கிறது. ஆகவே கரிப்பெட்டியும் ஒரு வாயு முறையே. நம் முன்னோர்கள் நொய்யல் கரையில் கொடுமணலில் மூசைக்குள் எஃகு உருக்கினார்கள் என்பதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்குச் சென்ற வணிகப் பாதையில் இருந்த ஊர் அது. பிற்காலத்தில் சேலம் பகுதியில் மூசைக்குள் இரும்போடு ஆவாரங்குச்சியும் பச்சிலையும் வைத்து மூடி எஃகு செய்ததை ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கின்றனர். அங்கே கார்பன் இரும்பு முழுவதும் ஏறி உருகியது. நாம் பேசுவது தோலுக்கு மட்டும் ஏற்றும் கலை. ஆனாலும் மூடிய பாத்திரத்துக்குள் இரும்புக்குக் கார்பன் ஊட்டும் யோசனை நமக்குப் புதிதல்ல.

மாவடு ஊறுவது போல

பாலக்காட்டில் இருந்துகொண்டு மாவடுவைச் சொல்லாமல் இருக்க முடியுமா? உப்பில் போட்ட வடுவை மறுநாள் எடுத்துக் கடித்தால் தோலில் மட்டும் உப்பு, உள்ளே வெறும் துவர்ப்பு. நாள் செல்லச் செல்ல உப்பு உள்ளே போகிறது. எஃகில் கார்பன் ஊறுவதும் இப்படியே. வித்தியாசம் என்னவென்றால், சாதாரண வெப்பத்தில் இரும்பின் அணுக்கள் நிற்கும் வரிசையில் கார்பனுக்கு நுழைய இடமே இல்லை எனலாம். சுமார் 900 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அந்த வரிசை மாறி நிற்கிறது. அப்போது நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேலேயும் கார்பனை அது ஏற்கும். அதனால்தான் கார்புரைசிங் உலை 900 முதல் 950 டிகிரிக்குள் வைக்கப்படுகிறது.

பல்சக்கரத்துக்கு எடுக்கும் எஃகில் கார்பன் குறைவாகவே இருக்கும். கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம். கூடவே குரோமியம், நிக்கல், மாங்கனீஸ் போன்றவை கொஞ்சம். கோவைப் பட்டறைகளில் இ.என். 353, இ.என். 36 என்று கேட்டு வாங்குவது இவற்றைத்தான். பல் வெட்டி முடித்த சாமானைக் கூடையில் அடுக்கிக் கிணறு போன்ற உலைக்குள் இறக்குகிறார்கள். உலைக்குள் காற்று இருக்கக் கூடாது. அதற்குப் பதில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் கலந்த வாயு. இதைத் தனி எந்திரத்தில் எரிவாயுவிலிருந்து தயாரிப்பதும் உண்டு. மெத்தனால் என்னும் திரவத்தைச் சூடான உலைக்குள் சொட்டுச் சொட்டாக விடுவதும் உண்டு. உள்ளே விழுந்ததும் அது கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்துவிடும். கார்பன் இன்னும் வேண்டுமென்றால் சிறிது புரோப்பேன் சேர்ப்பார்கள்.

இரும்பின் முகத்தில் இரண்டு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் சந்திக்கும்போது ஒன்றின் கார்பன் இரும்புக்குள் போய்விடுகிறது. தனித்து நின்ற ஆக்சிஜன் மற்றதோடு ஒட்டிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. இப்படியே ஏறி, மேல்முகத்தில் கிலோவுக்கு 8 அல்லது 9 கிராம் கார்பன் வந்ததும் அந்த அளவிலேயே நிறுத்திவைக்க வேண்டும். கூடிப்போனால் தோலுக்குள் கார்பைடு வலை பின்னி நொறுங்கும் குணம் வந்துவிடும், உலை முழுவதும் கரியும் படியும். நவீன உலைகளில் இதை அளக்க ஆக்சிஜன் கம்பி ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். உலைக்குள் மிச்சமிருக்கும் அணுவளவு ஆக்சிஜனை அளந்து, அதிலிருந்து கார்பனின் அளவைக் கணக்கிட்டுச் சொல்லும். பழைய உலைக்காரர் மெல்லிய கம்பியைத் தொங்கவிட்டு எடுத்து முறித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஆழத்தின் கணக்கு கவனிக்கத் தக்கது. 925 டிகிரியில் 4 மணி நேரம் வைத்தால் தோல் சுமார் 1.25 மில்லிமீட்டர் இறங்கும். 8 மணி நேரம் வைத்தால் இரட்டிப்பாகும் என்று நினைப்பீர்கள், ஆகாது. இரட்டிப்பு ஆழத்துக்கு நாலு மடங்கு நேரம், அதாவது 16 மணி நேரம் தேவை. மும்மடங்குக்கு ஒன்பது மடங்கு நேரம். உள்ளே போகப்போகக் கார்பன் நடக்க வேண்டிய தூரம் கூடுகிறது, பின்னாலிருந்து தள்ளும் வேகமும் குறைகிறது. கூலிக்கு வேலை செய்யும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகள் கிலோ கணக்கில் காசு வாங்குபவை. உலை எரியும் ஒவ்வொரு மணி நேரமும் கையைக் கடிக்கும். ஆகவே ஆழத்தில்தான் திருட்டு நடக்க இடம் இருக்கிறது.

நான் பணியில் இருந்த காலத்தில் வெளியிலிருந்து வாங்கிய ஒரு தொகுதி பினியன்கள், சில மாதங்களிலேயே பல் முகம் அம்மைத் தழும்பு போலப் பொரிந்து வந்தன. கூடவே வந்த சான்றிதழில் மேல்முகத்தின் கடினம் 60 ராக்வெல் என்று இருந்தது. அளந்து பார்த்தோம், 60-தான், பொய் சொல்லவில்லை. ஒன்றை வெட்டிப் பளபளவென்று தேய்த்து ஆசிட் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தோலின் ஆழம் கேட்டதில் பாதிகூட இல்லை. சேற்றின் மேல் போட்ட மெல்லிய பலகை போல, தோல் கடினமாக இருந்தும் அடியில் தாங்க ஆளில்லாமல் உள்ளே அமுங்கி உதிர்ந்திருக்கிறது. பல் பெரிதாக ஆக, பாரம் கூடக்கூடத் தோலும் ஆழமாக வேண்டும். சைக்கிள் கோனுக்குப் போதுமான ஆழம் ரயில் எஞ்ஜினின் பினியனுக்குப் போதாது.

கார்பன் ஏறியவுடன் தோல் கடினமாகிவிடுவதில்லை. சூடாக இருக்கும் சாமானை எண்ணெய்த் தொட்டியில் சட்டென்று இறக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே புகுந்த கார்பன் வெளியேற நேரமில்லாமல் அகப்பட்டுக்கொள்கிறது. அணு வரிசை இறுகி விறைத்துக் கடினமாகிறது. பிறகு 150 முதல் 180 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வைத்து இறுக்கத்தைச் சிறிது தளர்த்துவார்கள். உட்பகுதியில் கார்பன் குறைவாதலால் அது தாங்கும் குணத்தோடேயே நிற்கிறது.

இதில் இன்னொரு லாபம் தானாக வந்து சேருகிறது. குளிரும்போது உட்பகுதி முதலில் உருமாறி நிலைபெற்றுவிடும். கார்பன் மிகுந்த தோல் கடைசியில்தான் உருமாறும். உருமாறும்போது எஃகு சற்றே பருக்கும். உள்ளே ஏற்கெனவே இறுகிவிட்டதால் தோலால் இஷ்டம்போல் பருக்க முடியாமல் நாலு பக்கமும் நெருக்குண்டு நிற்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் காய்ச்சிய இரும்புப் பட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பட்டை சுருங்கி மரத்தை நெருக்கிப் பிடிக்கும். எந்த மூட்டும் வாய் திறக்காது. தோலும் அந்த மரத்தைப் போல நெருக்கத்தில் இருக்கிறது. விரிசல் ஒன்று தொடங்கினாலும் அதை வாய் பிளக்க விடாமல் அந்த நெருக்கம் மூடி வைக்கும். நாலு கோடி அடியை ஒரு பல் தாங்குவதில் கடினத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்த நெருக்கத்துக்கும் உண்டு.

அம்மோனியாவின் தோல்

எண்ணெயில் இறக்கும்போது சாமான் கொஞ்சம் கோணத்தான் செய்யும். நீண்ட தண்டுகளுக்கு இது பெரிய தலைவலி. ஜெர்மனியில் எஸன் நகரத்துக் குருப் தொழிற்சாலையில் இருந்த அடால்ஃப் ஃப்ரை என்பவர் 1920களின் தொடக்கத்தில் இதற்கு வேறு வழி கண்டார். கார்பனுக்குப் பதில் நைட்ரஜன். வெறும் 500 முதல் 530 டிகிரி வெப்பத்தில் அம்மோனியா வாயுவை எஃகின் மேல் ஓடவிட்டால், இரும்பின் முகத்தில் அது பிரிந்து நைட்ரஜன் உள்ளே ஊறுகிறது. எஃகில் அலுமினியமோ குரோமியமோ கலந்திருந்தால் அவற்றோடு சேர்ந்து நைட்ரைடு என்னும் மிகக் கடினமான நுண்துகள்களாகிறது. எண்ணெயில் இறக்க வேண்டியதில்லை. ஆறவிட்டு எடுத்தால் போதும், சாமான் கோணாது. கார்பன் தோலைவிட நைட்ரஜன் தோல் கடினம் மிக்கது, 500 டிகிரிக்கு அருகில் சூடேறினாலும் எளிதில் இளகாது. குறை என்னவென்றால் பொறுமை வேண்டும். அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஐம்பது மணி நேரம்கூட ஆகும். தோல் மெல்லியதாதலால் பலத்த இடியைத் தாங்காது. பெரிய டீசல் எஞ்ஜின்களின் கிராங்க் ஷாஃப்ட்டுகளுக்கு இந்த முறை ஏற்றது. எஞ்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பினியனுக்குக் கார்புரைசிங்தான்.

இரண்டுக்கும் நடுவே கலப்பு முறைகளும் உண்டு. கார்புரைசிங் வாயுவிலேயே கொஞ்சம் அம்மோனியாவைச் சேர்த்து 850 டிகிரி வாக்கில் செய்வது கார்போநைட்ரைடிங். விலை குறைந்த எஃகிலும் நல்ல தோல் கிடைக்கும். கஞ்சிக்கோட்டிலும் வாளையாரிலும் நூற்பாலை வேலை பார்க்கும் நம் சகோதர சகோதரிகள் தினமும் பார்க்கும் ஸ்பின்னிங் ரிங்குகளில் பல இந்த முறையில் ஆனவை. 38 மில்லிமீட்டர் ரிங்கின் மேல் டிராவலர் நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடினால் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஒரு சொட்டு எண்ணெய் விடுவதில்லை, பஞ்சின் இழைத்தூள்தான் மசகு. தோல் இல்லாத ரிங் ஒரு ஷிஃப்டுகூடத் தாங்காது.

வார்ப்பிரும்பு விஷயம் தனி. அதில் கார்பன் ஏற்கெனவே நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் இருப்பதால் கார்புரைசிங் என்பது திருப்பதியில் போய் லட்டு விற்பதைப் போல. ஆனால் நைட்ரஜனை அது ஏற்கும். 570 டிகிரி வாக்கில் சில மணி நேரம் அம்மோனியாவும் கார்பன் வாயுவும் கலந்து கொடுத்தால், மயிரிழையைவிட மெல்லிய, துருவுக்கும் தேய்மானத்துக்கும் அசையாத படலம் உண்டாகும். கார்களின் வார்ப்பிரும்பு பிரேக் டிஸ்க்குகளில் சிலவற்றை இப்போது இப்படித்தான் செய்கிறார்கள். பிளாஸ்மா கொண்டு நைட்ரஜன் ஏற்றும் முறையைக் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டு சென்றது. அம்மோனியா நாற்றமே இல்லாத உலை அது.

உலையடியில் நிற்கும் பிள்ளைகள்

ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்து, வாளையார் தாண்டிக் கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்துப் பட்டறைகளுக்கு உலை வேலைக்குப் போகும் பையன்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். பெற்றோர் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

உலைக்குள் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், பிறகு நினைவே இருக்காது. உலை வாயிலும் புகைபோக்கியிலும் எப்போதும் சுடர் எரிய வேண்டும் என்பது அழகுக்காக அல்ல, வெளியே கசியும் வாயு எரிந்து தீரத்தான். அடுத்து, உலை 760 டிகிரியைத் தாண்டும் முன் எரிவாயுவையோ மெத்தனாலையோ உள்ளே விடக் கூடாது என்பது உலகெங்கும் உலைக்காரர் கடைப்பிடிக்கும் விதி. அதற்கு மேல் என்றால் காற்றைத் தொட்டவுடனேயே வாயு எரிந்துவிடும். அதற்குக் கீழ் என்றால் எரியாமல் காற்றோடு கலந்து சேர்ந்துகொண்டே இருந்து, ஒரு பொறி கிடைத்ததும் உலையின் மூடியையே தூக்கி எறியும். மின்சாரம் போய் உலை ஆறிவிட்டு மறுபடி வரும் நேரம்தான் ஆபத்தான நேரம். எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர் சேர்ந்திருந்தாலும் விபத்துதான். தண்ணீர் அடியில் தங்கி, சூடான சாமான் இறங்கியதும் ஆவியாகப் பொங்கி எரியும் எண்ணெயை மேலே வீசும்.

மெத்தனாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாராயத்தைப் போலத் தோற்றம், ஏறத்தாழ அதே மணம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததும் இந்த மெத்தனால்தான். கொஞ்சம் உள்ளே போனாலே கண் போகும். பட்டறையில் இருக்கும் பீப்பாயிலிருந்து ஒரு பாட்டில் வெளியே போனால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். பூட்டி வைக்காத பட்டறையில் பையனை வேலைக்கு விடாதீர்கள்.

அம்மோனியா ஒருவகையில் நல்லவன். மூக்கைத் துளைத்து எச்சரித்துவிடுவான். கசிந்தால் காற்று வரும் திசையை நோக்கி ஓட வேண்டும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். இவற்றையெல்லாம்விடக் கொடியது பழைய சயனைடு உப்புத் தொட்டி. உருகிய சயனைடில் சாமானை முக்கினால் கார்பனும் நைட்ரஜனும் அரை மணியில் ஏறும், செலவும் குறைவு. ஆனால் அந்த உப்பு கையில் ஒட்டி வாய்க்குப் போனால் மரணம். துளி ஆசிட் பட்டால் விஷ வாயு. கழுவிய தண்ணீர் ஓடையில் கலந்தால் மீனும் மாடும் மிஞ்சாது. வாயு உலைகள் வந்ததில் எனக்குப் பெரிய திருப்தி, அவை இந்தத் தொட்டியை ஓரம் கட்டியதுதான். ஆயினும் அங்கங்கே சிறு பட்டறைகளில் அது இன்னும் முற்றிலும் ஒழியவில்லை.

தோல் தொலையும் வழிகள்

இப்போது ஜீப்புக்கு வருவோம். உலையில் பத்து மணி நேரம் பாடுபட்டு ஏற்றிய தோலைப் பத்து நிமிடத்தில் தொலைக்க ஒரு வெல்டிங் ராடு போதும். பல் முனை உடைந்த பினியனை வெல்டிங் வைத்து நிரப்பி, கிரைண்டரில் தீட்டி, மை பூசிப் பார்த்து மாட்டிக்கொடுக்கும் வழக்கம் மலையோரப் பட்டறைகளில் உண்டு. பார்வைக்குப் பல் அச்சாக இருக்கும். ஆனால் வைத்த இடத்தில் உலைத்தோல் கிடையாது. அதைச் சுற்றி இருந்த தோலும் வெல்டிங் சூட்டில் இளகியிருக்கும். தோலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மயிர் விரிசல்கள் வேறு. தேயிலைத் தொழிற்சாலையில் சி.டி.சி. எந்திரத்தின் கியரில் இப்படிச் செய்தால் ஒருநாள் உற்பத்தி நிற்கும், அவ்வளவுதான். போடிமெட்டு இறக்கத்தில் பன்னிரண்டு பேரோடு வரும் ஜீப்பில் செய்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின் ஆக்ஸிலின் பல் கொட்டினால் எஞ்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடும். கியரில் போட்டுப் பிடிப்பது நடக்காது. பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஓடும் தண்டில் இருக்கிறது. அந்தத் தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது இதே கிரவுன் பினியன்தான். ஆகவே கைப்பிரேக்கும் கூடவே போய்விடும். மிச்சம் கால்பிரேக் ஒன்றுதான். நீண்ட இறக்கத்தில் கால்பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறி அதுவும் பிடிக்காமல் போகும்.

வண்டி வைத்திருப்பவர்கள் புதுச் சாமான் வாங்கும்போது ஒரு நல்ல அரத்தைக் கையோடு கொண்டு போகலாம். பல்லின் ஓரத்தில், பல்லோடு பல் உரசாத இடத்தில், லேசாக இழுத்துப் பாருங்கள். தோல் ஏறியிருந்தால் அரம் கண்ணாடியில் போவதுபோல வழுக்கும். கடித்து இழுத்தால் அது தோலில்லாத சாமான், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அரம் ஆழத்தைச் சொல்லாது. என் பினியன் கதையை மறக்க வேண்டாம். ஆழத்துக்குத் தெரிந்த கம்பெனியின் சீல்தான் ஓரளவு காப்பு. நாலைந்து வண்டிக்கு மொத்தமாக வாங்குபவர்கள், ஒன்றைக் கோவையில் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து வெட்டிப் பார்த்துவிட்டால் மிச்சத்தை நம்பி மாட்டலாம். கிரவுனும் பினியனும் ஜோடியாக ஓடவிட்டுத் தேய்த்துப் பொருத்தி வருபவை. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். பினியன்தான் ஐந்து மடங்குக்கு மேல் அதிகம் அடி வாங்கி முதலில் போகும். அதற்காகப் பினியனை மட்டும் வாங்கிப் பழைய கிரவுனோடு சேர்த்தால், புதுத் தோல் பழைய பல்லின் மேட்டிலேயே அமுங்கி ஆறு மாதத்தில் பொரியும். 90-ஆம் நம்பர் கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் போல வெளுத்திருந்தால் அன்றே மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஓடை கடந்து வரும் வண்டிகளில் இது சகஜம்.

வண்டியில் ஏறிப் போகிறவர்களுக்கும் ஒரு காது வேண்டும். பின் ஸீட்டுக்கு அடியிலிருந்து ஊளையிடுவது போன்ற ஓர் ஒலி, டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதியிலும் காலை எடுக்கும்போது வேறு சுருதியிலும் கேட்டால், பல் முகம் பொரியத் தொடங்கியிருக்கக் கூடும். ‘டக் டக்’ என்று ஒரே இடைவெளியில் தட்டினால் ஒரு பல்லின் முனை ஏற்கெனவே போயிருக்கலாம். அந்த வண்டியில் அன்று இறக்கம் இறங்கக் கூடாது. டிரைவர் தம்பியிடம் சொல்லுங்கள். ஆக்ஸிலின் வடிகால் போல்ட்டைக் கழற்றி எண்ணெயை ஒரு தட்டில் பிடித்துக் காந்தத்தை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மாவு போன்ற மெல்லிய தூள் ஒட்டினால் சாதாரணத் தேய்மானம். மீன் செதில் போலத் தகடு தகடாக ஒட்டினால் அதுதான் உரிந்து வந்த தோல்.